செயற்கை டிஸ்க்கைச் சுற்றி எலும்பு வளர்வது ஏன்?

கழுத்து ஆபரேஷனுக்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியவை

கலாசிபாளையத்தில் மூட்டை தூக்குகிறவருக்கும் கழுத்து வலி வருகிறது. ஆபீசில் நாள் முழுவதும் குனிந்து கணக்குப் பார்க்கும் குமாஸ்தாவுக்கும் வருகிறது. பெரும்பாலோருக்கு மருந்திலும் பயிற்சியிலுமே வலி தணிந்துவிடும். சிலருக்குத்தான் ஆபரேஷன் தேவைப்படுகிறது.

கழுத்தில் 7 எலும்புகள் உள்ளன. 2-வது எலும்புக்குக் கீழே, ஒவ்வொரு எலும்புக்கும் இடையில் மெத்தை போல ஒரு "டிஸ்க்" இருக்கிறது. அது பிதுங்கி நரம்பை அழுத்தினால் தோளிலிருந்து விரல் வரை வலி இறங்கும். கை மரத்துப்போகும்.

இரண்டு முறைகள்

கெட்ட டிஸ்க்கை எடுத்துவிட்டு, மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவது பழைய முறை. 1950-களிலிருந்து நடந்து வருகிறது. பலனும் நல்ல பலன்தான். ஆனால் அந்த இடத்தில் அசைவு போய்விடும். பக்கத்து டிஸ்க்குகளுக்குப் பளு கூடுமோ என்ற கவலையும் உண்டு.

அசைவைக் காப்பாற்ற வந்ததே செயற்கை டிஸ்க். சுவீடன் டாக்டர் பெர்ன்ஸ்ட்ராம் 1960-களிலேயே எஃகு குண்டுகளை வைத்துப் பார்த்தார். அவை எலும்புக்குள் அமிழ்ந்ததால் அந்த முறை நிலைக்கவில்லை. பிறகு புதிய வகைகள் வந்தன. 2007-ல் அமெரிக்க அரசு முதல் கழுத்து டிஸ்க்குக்கு அனுமதி கொடுத்தது.

வேண்டாத எலும்பு!

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிலருக்குச் செயற்கை டிஸ்க்கைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்கிறது. ஆபரேஷனில் எலும்பைச் செதுக்கும்போது தூள் விழுகிறது; தசையும் காயப்படுகிறது. காயத்தை ஆற்றும் உடம்பு, வேண்டாத இடத்திலும் எலும்பை உண்டாக்கிவிடுகிறது.

2003-ல் வகுத்த கணக்குப்படி இதை 0 முதல் 4 வரை பிரிக்கிறார்கள். 1, 2 என்றால் அசைவு குறையாது. 3 என்றால் குறையும். 4 என்றால் எலும்புகள் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று பொருள். எந்த அசைவுக்காகச் செயற்கை டிஸ்க் வைத்தார்களோ, அதுவே போய்விடுகிறது.

பயப்பட வேண்டுமா?

பலருக்கு இதனால் வலியே இருப்பதில்லை, எக்ஸ்ரேயில்தான் தெரியவருகிறது. பின்பக்கம் வளர்ந்து நரம்பை அழுத்தினால்தான் மறு ஆபரேஷன் பேச்சு வரும். அது அபூர்வம்.

எலும்புத் தூளை நன்றாகக் கழுவி எடுப்பது ஒரு தடுப்பு. சில டாக்டர்கள் ஆபரேஷனுக்குப் பின் சில நாட்களுக்கு வீக்கம் குறைக்கும் மாத்திரை கொடுப்பார்கள். அதை மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிச் சாப்பிடக் கூடாது. வயிற்றுப் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம்.

கேட்க வேண்டியது

"என் எலும்பு செயற்கை டிஸ்க்குக்கு ஏற்றதா? பழைய முறையே போதுமா? செலவு எவ்வளவு வித்தியாசம்?" இந்த மூன்றையும் கூச்சப்படாமல் டாக்டரிடம் கேளுங்கள். எலும்பு மெலிந்தவர்களுக்கும், கழுத்து மூட்டு மிகவும் தேய்ந்தவர்களுக்கும் செயற்கை டிஸ்க் பொதுவாக ஒத்துவராது.

பெங்களூரில் நரம்பு சிகிச்சைக்கு, 1974-ல் உருவான நிம்ஹான்ஸ் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் ராஜாஜிநகர், பீனியா ஆஸ்பத்திரிகளில் முதலில் காட்டலாம்.

ஆபரேஷன் முடிந்து தர்மபுரிக்கோ சேலத்துக்கோ திரும்புகிறவர்கள் எக்ஸ்ரே படங்களையும், எந்த வகை டிஸ்க் வைத்தார்கள் என்ற சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். பழைய படம் இருந்தால்தான் எலும்பு வளர்ந்திருக்கிறதா என்று ஊர் டாக்டர் ஒப்பிட்டுச் சொல்ல முடியும்.

சட்டைப் பொத்தான் போட முடியாமல் விரல் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.