உங்களுக்குத் தெரியுமா? ஸ்பானிஷிலும் ‘எனக்குப் பிடிக்கும்’தான்!

ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் படிப்பவர்களைத் திணறவைக்கும் ஒரு சின்ன வாக்கியம்: ‘மே குஸ்தா எல் கஃபே’. இதில் ‘நான்’ எங்கே என்று தேடினால் கிடைக்காது. தமிழருக்கோ தேடவே வேண்டாம். ‘எனக்குக் காப்பி பிடிக்கும்’, அவ்வளவுதான்! ‘மே’ என்பது ‘எனக்கு’; எழுவாய் காப்பி. பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும்: ‘மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்’. (அந்த மாங்கோ வேறொன்றுமில்லை, போர்ச்சுகீசியர் வாய்வழி கடல் கடந்த நம் பக்கத்து மாங்காய்தான்.)

வினைமுற்றிலும் தமிழோடு இதே ஒற்றுமை. ‘ஆப்லோ’ என்றால் பேசுகிறேன், ‘ஆப்லாஸ்’ என்றால் பேசுகிறாய். ‘நான்’, ‘நீ’ சொல்லாமலே ஆள் யாரென்று விகுதி காட்டிவிடும்.

நமக்கு உண்மையில் கடினமானது பால். அங்கே மேசைக்கும் பால் உண்டு: ‘லா மேசா’, பெண்பால். (நம் ‘மேசை’யும் போர்ச்சுகீசியர் தந்ததே.) பெரும்பாலும் ‘ஓ’வில் முடிந்தால் ஆண்பால், ‘ஆ’வில் முடிந்தால் பெண்பால். ஆனால் ‘மானோ’ (கை) பெண்பால், ‘தியா’ (நாள்) ஆண்பால்! அதனால் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள்; ‘லா மானோ’, ‘எல் தியா’ என்று பால் காட்டும் முன்சொல்லோடு சேர்த்தே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.