காவல் நாயும் கால்மூட்டும்

"நாய்க்கு எங்கேயடா மூட்டுவலி வரும்?" என்று விடுதி நண்பன் ஒருவன் என்னைக் கேட்டுச் சிரித்தான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். விலங்கியல் மாணவனாகிய நானே சென்ற மார்கழி வரை அதைப் பற்றி ஒரு கணமும் எண்ணிப் பார்த்ததில்லை. தவளையின் எலும்புக்கூட்டை வரைந்து பாகங்கள் குறிக்கத் தெரியும். எதிரே நொண்டி நடக்கும் நாயைப் பார்க்கத் தெரியாது.

தண்டலம் நம்மில் பலருக்குத் தெரிந்த ஊர்தான். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், பூவிருந்தவல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போகும் வழியில் இருக்கிறது. 1990-களின் பின்பாதியில் அருகேயுள்ள இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை எழுந்தது. அதன் பிறகு ஒரகடம் வரையிலும் நெல்வயல்கள் இருந்த இடங்களில் மதில்சுவர்கள் முளைத்துவிட்டன. மதில் எழுந்தால் வாயில் வேண்டும்; வாயிலுக்குக் காவலாள் வேண்டும்; பல இடங்களில் காவலாளுக்குத் துணையாக ஒரு நாயும் வேண்டும். என் சித்தப்பா அப்படியொரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் காவலர். அவருக்குத் துணை 'ராஜா' என்னும் எட்டு வயது அல்சேஷன்.

விடுமுறையில் அங்கே போயிருந்தபோது ராஜாவின் நடையில் ஒரு மாற்றத்தைக் கண்டேன். படுத்த இடத்திலிருந்து எழும்போது முதலில் முன்கால்களை ஊன்றி, பின்பாகத்தை இழுத்துத் தூக்கியது. முதல் பத்தடி மரக்கட்டை போல நடந்தது. பிறகு நடை சரியாகிவிட்டது. ஓடும்போது பின்கால்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முயல்போலத் தாவியது. ஜீப்பில் தானாக ஏறிக்கொண்டிருந்த நாய், இப்போது ஏறாமல் சக்கரத்தருகே நின்று சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தது.

"கெழவனாயிட்டான்டா. சோம்பேறித்தனமும் சேர்ந்துக்கிச்சி. அடுத்த மாசம் வேற நாய் வருதாம், இவனை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்களாம்" என்றார் சித்தப்பா. எங்கே எடுத்துக்கொண்டு போவார்கள் என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

அன்றிரவு நான் செய்த காரியத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கடைத்தெருவில் மருந்துக்கடைக்குப் போய், "மூட்டுவலிக்கு மாத்திரை" என்று கேட்டு ஓர் அட்டை வாங்கினேன். யாருக்கு என்று நான் சொல்லவில்லை. மூன்று இரவுகள் தயிர்ச்சோற்றில் ஒவ்வொன்றாக வைத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் ராஜா துள்ளி நடந்தது. சித்தப்பா என்னை டாக்டர் என்றே அழைக்கத் தொடங்கினார். நான்காம் நாள் காலை அது சோற்றைத் தொடவில்லை. வாந்தி எடுத்தது. மலம் தார்போலக் கறுத்திருந்தது.

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். மேலே ஏதோ வணிகப் பெயர். அடியில் பொடி எழுத்தில் டைக்ளோஃபினாக். அதற்கு முந்தைய பருவத்தேர்வில்தான் 'டைக்ளோஃபினாக்கும் கழுகுகளின் அழிவும்' என்ற வினாவுக்கு இரண்டரைப் பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். மாடுகளுக்கு வலி தீரக் கொடுத்த மருந்து, அவை இறந்தபின் உடலிலே தங்கி, அந்த இறைச்சியைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாய் மாய்த்தது. 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறும் அசெக்ளோஃபினாக்கும், அதனுடன் கீட்டோபுரோஃபெனும் 2023-இல் தடைசெய்யப்பட்டன. இவ்வளவும் எனக்கு மனப்பாடம். ஆனால் கழுகு பாடப்புத்தகத்தில் இருந்தது, நாய் வாசலில் இருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

வாடகைக்கு ஒரு குட்டியானை வண்டி பிடித்து, முப்பது கிலோமீட்டருக்கு மேல் கடந்து வேப்பேரிக்குக் கொண்டு போனோம். அங்குள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. 1989-இல் கால்நடை மருத்துவத்துக்கென்றே பல்கலைக்கழகம் ஏற்பட்டபோது அதன் அங்கமாயிற்று. அங்கே ராஜாவுக்குக் குளுக்கோஸ் ஏற்றினார்கள், வயிற்றுப் புண்ணுக்கு மருந்து கொடுத்தார்கள். ஐந்தாம் நாள்தான் அது கஞ்சி குடித்தது. அந்த ஐந்து நாட்களில் மருத்துவர் பொறுமையாகச் சொன்னதையும், பின்னர் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் நண்பர்களுக்காக இங்கே தருகிறேன்.

இரண்டு எலும்புகள் கூடும் இடத்தில் அவற்றின் முனைகளைக் குருத்தெலும்பு வழவழப்பாகப் போர்த்தியிருக்கிறது. இடையே உயவுநீர் இருக்கிறது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. அந்த நீரிலிருந்துதான் அது உணவைப் பெறுகிறது. மூட்டு அசைந்தால்தான் நீர் உள்ளே போய்வரும். தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் பழையபடி வளர்வது இல்லை என்றே சொல்லலாம். குருத்தெலும்புக்கு நரம்பும் கிடையாது. ஆகவே அது தேயத் தொடங்கும்போது வலிக்காது. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு வீங்கி, அடி எலும்பு உரசும் நிலை வந்த பின்புதான் வலி தெரிகிறது. நமக்குத் தெரியவரும்போது நோய்க்கு வயதாகியிருக்கும்.

அல்சேஷன், லாப்ரடார் போன்ற கனத்த இனங்களில் இடுப்பெலும்பின் கிண்ணத்தில் தொடையெலும்பின் பந்து சரியாகப் பொருந்தாத மரபுவழிக் குறை மிகுதி. ராஜாவின் எக்ஸ்ரேயில் அதுதான் தெரிந்தது. கிண்ணம் ஆழமில்லாமல், தட்டுபோல இருந்தது. ஓட்டத்துக்கென்றே வளர்ந்த கிரேஹவுண்டு போன்ற ஒல்லி நாய்களில் இக்குறை மிக அரிது. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் அத்தகைய உடலமைப்பு உடையவை. மதிலுக்குக் காவல் என்றால் அல்சேஷன்தான் என்று யார் முதலில் முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

அசையாமல் கிடந்தால் மூட்டு விறைக்கும். சற்று நடந்தால் தளரும். பத்தடியில் நடை சரியானதன் பொருள் இதுதான். பார்ப்பவர், "எழும்போதுதான் சோம்பல், அப்புறம் நல்லாத்தான் நடக்குது" என்று நினைத்துக்கொள்கிறார். மேலும் நாய் வலிக்கிறதென்று கத்தாது. தொடைச் சதை வற்றும். பின்கால் நகம் தரையில் உரசித் தேயும். இடுப்பைத் தொட்டால் உறுமும். ஒரே மூட்டை ஓயாமல் நக்கும். இவைதான் அதன் முறையீடுகள்.

இன்னொன்றையும் மருத்துவர் சொன்னார். நம் ஊரில் உண்ணி கடித்து வரும் எர்லிச்சியா என்னும் காய்ச்சலிலும் மூட்டு வீங்கும், நாய் நொண்டும். அதற்கு மருத்துவமே வேறு. ஆகவே இரத்தம் பார்க்காமல் 'வாதம்' என்று முடிவுகட்டக் கூடாது. ராஜாவுக்கு அது இல்லை.

மாத்திரை ஏன் கெடுத்தது? வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்களின் குடும்பத்தில் சில, இரைப்பையின் உட்சுவரைக் காக்கவும் சிறுநீரகத்துக்கு இரத்தம் பாயவும் உதவுகின்றன. மருந்து நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே அடைத்துவிடுகிறது. அதோடு இத்தகைய மருந்துகள் பல, நாயின் உடலில் பித்தத்தோடு குடலுக்கு வந்து மறுபடி இரத்தத்தில் ஏறிச் சுற்றுகின்றன. நமக்கு ஒரு வேளை மருந்து, அதற்குப் பல வேளை. டைக்ளோஃபினாக், ஐபுரூஃபென் இரண்டும் நாய்க்கு ஆகா. மெலாக்சிகாம், கார்புரோஃபென் போன்றவை உண்டு. அவற்றையும் சிறுநீரகம், ஈரல் இரண்டையும் சோதித்து, எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் எழுதித் தந்த பிறகே கொடுக்க வேண்டும். ஸ்டீராய்டு ஊசி போட்ட நாய்க்கு இவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் குடல் ஓட்டையாகிவிடும் அபாயம் உண்டு.

"மாத்திரை அப்புறம் தம்பி, முதல்ல இவன் எடையைக் குறைங்க" என்றார் மருத்துவர். ராஜா 41 கிலோ இருந்தது. கேன்டீனில் மிஞ்சிய பிரியாணியும் பரோட்டாவும் செய்த வேலை அது. (பிரியாணியில் உள்ள வெங்காயம் நாயின் இரத்த அணுக்களை உடைக்கும் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.) அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவளித்து ஆயுள் முழுதும் கவனித்தார்கள். அதன் முடிவு 2002-இல் வெளியாயிற்று. குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. மூட்டுநோயும் அவற்றுக்குப் பிந்தித்தான் வந்தது. எந்தத் தைலமும் செய்யாத காரியத்தைக் காலித்தட்டு செய்திருக்கிறது. மீன் எண்ணெயால் ஓரளவு பயன் உண்டென்று ஆய்வுகள் சொல்கின்றன. குளுக்கோசமீன் பற்றிய சான்றுகள் முன்னுக்குப்பின் முரணாக இருக்கின்றன.

எளிதில் செய்யக்கூடியதைச் செய்தோம். பகலெல்லாம் சிமெண்ட் தரையில் சங்கிலியில் கிடந்துவிட்டு, இரவில் திடீரென்று ஒரு மணி நேரம் மதிலைச் சுற்றுவதுதான் மூட்டுக்குப் பெருங்கேடு. அதை மாற்றி, பத்துப் பதினைந்து நிமிட நடையாக இரவும் பகலும் நான்கைந்து முறை என்று பிரித்தார் சித்தப்பா. மரப்பலகை மேல் சாக்கை மடித்துப் படுக்கை. விடியலில் எழுப்பும் முன் இடுப்பில் வெந்நீர் ஒத்தடம். ஜீப்பில் ஏறச் சாய்வுப் பலகை. ஞாயிற்றுக்கிழமை ஊர் ஏரியில் சரிவான கரையில் இறக்கி நடத்துவோம். இடுப்பளவு நீரில் கால்கள் தாங்கும் பாரம் பாதிக்கும் கீழாகிவிடும், சதைக்கு வேலையும் கிடைக்கும். கோடையில் ஏரி வற்றியதும் இது நின்றது.

ராஜாவை எடுத்துப் போக ஆள் வந்தபோது சித்தப்பா மருத்துவச் சீட்டைக் காட்டினார். "நடக்க முடியாத நாய் எதுக்குய்யா காவலுக்கு?" என்றார் வந்தவர். "காதும் மூக்கும் நல்லாத்தானே சார் இருக்கு? புதுசு சுத்தட்டும், இவன் கேட்டுலே இருக்கட்டும். சோறு என் பொறுப்பு" என்றார் சித்தப்பா. எனக்குத் தெரிந்து அவர் மேலதிகாரி ஒருவரிடம் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. வந்தவர் சற்று யோசித்து, மூன்று மாதம் பார்க்கலாம் என்று போனார். மூன்று மாதம் கழிந்தும் யாரும் வரவில்லை.

மாதந்தோறும் முதல் திங்களன்று ஸ்டோர்ஸில் உள்ள எடைமேடையில் ராஜாவை நிற்க வைத்து, காவலறைச் சுவரில் சாக்கட்டியால் சித்தப்பா எழுதி வைக்கிறார். 41, 40, 38, 38, 36. கடைசியாக நான் போனபோது 35 என்று இருந்தது. மருத்துவர் சொன்னது 33.