கடலில் வாழ்ந்த உடும்பின் உறவு

தகவல் துளி.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகர் அருகே, புனித பீட்டர் குன்றின் சுண்ணாம்புக்கல் சுரங்கம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே கல் வெட்டியவர்கள், கூர்மையான பற்கள் வரிசையாக நிற்கும் ராட்சதத் தாடை ஒன்றைக் கண்டார்கள். முதலையின் தாடை என்றனர் சிலர். திமிங்கிலம் என்றார் டச்சு மருத்துவ அறிஞர் பீட்டர் கேம்பர்.

அவருடைய மகன் அட்ரியான் கேம்பர் எலும்புகளை மீண்டும் ஆராய்ந்தார். தாடையில் மட்டுமல்ல, வாயின் மேலண்ணத்திலும் சிறு பற்கள் இருந்தன. திமிங்கிலத்துக்கோ முதலைக்கோ அங்கே பற்கள் கிடையாது. பல பல்லிகளுக்கும் பாம்புகளுக்கும் உண்டு. இது உடும்புக்கு நெருங்கிய உறவுடைய மாபெரும் கடல் பல்லி என்று அவர் முடிவு செய்தார். பாரிஸ் அறிஞர் ஜார்ஜ் கூவியே 1808இல் அதை உறுதிப்படுத்தினார். பூமியிலிருந்து உயிரினங்கள் அடியோடு அழிந்துபோகக்கூடும் என்ற அவரது கருத்துக்கும் இந்தப் புதைபடிவம் வலுச் சேர்த்தது.

1822இல் இந்த விலங்குக்கு மோசசாரஸ் என்ற பெயர் கிடைத்தது. 10 மீட்டருக்கும் மேல் வளர்ந்த இது, துடுப்பு போன்ற கால்களும் வலிமையான வாலும் கொண்டு வேட்டையாடியது. டைனோசர் காலத்தில் வாழ்ந்தாலும் இது டைனோசர் அல்ல. பல்லிகளும் பாம்புகளும் அடங்கிய செதிலுடைய ஊர்வன வரிசையைச் சேர்ந்தது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மோசசாரஸை உள்ளடக்கிய மோசசார்கள் எனும் கடல் பல்லிக் கூட்டம் அழிந்தது.

சுரங்கத்தில் கிடைத்த அந்தத் தாடையைப் பின்னர் பிரெஞ்சுப் படை எடுத்துச் சென்றது. இன்றும் அது பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.