சும்மா இருக்கத் தெரிந்த மோட்டார்

நெய்வேலிப் பிள்ளைகளுக்கு ராட்சத இயந்திரம் புதிதில்லை. 1957-ல் சுரங்க வேலை தொடங்கிய ஊர் நம்முடையது. இங்கே மேல்மண்ணை வெட்டும் பெரிய பக்கெட் வீலின் ஒரு வாளி மட்டுமே 1,400 லிட்டர் கொள்ளும். ஊரே மண்வெட்டியோடு இறங்கினாலும் முடியாத வேலையை அது தனியாக முடித்துவிடும். இன்று பேசப்போகும் இயந்திரமோ மேசைமேல் அடங்கிவிடும். அது மனிதருக்குப் பதிலாக உழைத்தால் காரியம் கெட்டது!

அதன் பெயர் புளூட்டோ. (கிரகப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதே, அது இல்லை.) சென்னை ஐ.ஐ.டி.யின் சுஜாதா சீனிவாசன், வேலூர் சி.எம்.சி.யின் சிவகுமார் பாலசுப்ரமணியன் ஆகியோரின் குழுக்கள் சேர்ந்து, பக்கவாதத்தால் முடங்கிய கைகளுக்காக உருவாக்கிய பயிற்சிக் கருவி. முடங்கியவர்களை மீண்டும் இயங்கவைப்பதில் வேலூருக்குப் பழைய அனுபவம் உண்டு. விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்த மேரி வர்கீஸ் 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கிவைத்தவர்.

பக்கவாதம் வந்தவரின் கையில் எலும்பும் தசையும் அப்படியேதான் இருக்கும். உத்தரவு போடும் மூளையில்தான் பழுது. அங்கே ரத்தக்குழாய் அடைத்திருக்கும், இல்லை வெடித்திருக்கும். இடப்பக்க மூளை பாதித்தால் வலக்கை முடங்கும். செத்த செல்கள் திரும்ப வராது. ஆனால் மிச்சமுள்ள செல்கள் புதிய இணைப்புகளைப் போட்டு அந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியும். அதற்கு ஒரே அசைவை நூற்றுக்கணக்கான தடவை செய்யணும். பக்கத்திலேயே நின்று கையைப் பிடித்துப் பழக்க அத்தனை பிசியோதெரபிஸ்டுகளுக்கு எங்கே போவது?

முழங்கையை மேசையில் ஊன்றி, உள்ளங்கையை மேலும் கீழுமாகத் திருப்புங்கள். மறுகையால் முன்கையைத் தொட்டுப் பார்த்தால், உள்ளே எலும்பு உருளுவது தெரியும். அங்கே இரண்டு எலும்புகள்; ஒன்று மற்றொன்றின் மேல் குறுக்கே புரளுகிறது. மணிக்கட்டை மடக்குவது வேறு அசைவு, பக்கவாட்டில் சாய்ப்பது வேறு, விரல்களை மூடித் திறப்பது வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார் வைத்தால் விலை எங்கோ போய்விடும். மிக்சியில் ஒரே மோட்டாருக்கு இட்லி மாவு ஜார், சட்னி ஜார் என்று மாற்றிக்கொள்கிறோம் இல்லையா? புளூட்டோவும் அப்படித்தான். மோட்டார் ஒன்று, மாட்டும் கைப்பிடிகள் பல. இந்த வடிவமைப்பை விளக்கும் ஆய்வுக்கட்டுரை 2021-ல் வெளிவந்தது.

எனக்கு இதைவிடப் பிடித்த சங்கதி வேறு. மோட்டாரே கையை இழுத்து ஆட்டிக்கொண்டிருந்தால் மூளை ஹாயாக வேடிக்கை பார்க்கும், ஒன்றும் கற்காது. அதனால் இத்தகைய ரோபோக்களில் கை எவ்வளவு திரும்பியது என்பதை ஓர் உணரி அளந்துகொண்டே இருக்கும். எதிரே திரையில் ஒரு விளையாட்டு ஓடும். கை இலக்கைத் தொட்டுவிட்டால் மோட்டார் கம்மென்று இருக்கும். பாதியில் நின்றால் மட்டும் லேசாகத் தள்ளும். நாளாக ஆக அந்தத் தள்ளலையும் குறைத்துக்கொள்ளும்.

ஆய்வகத்தில் ஒன்றைச் செய்வது வேறு, ஒரே மாதிரி நூறு செய்து விற்பது வேறு. கைப்பிடியை எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் ஆடக் கூடாது. பாட்டியின் சின்னக் கைக்கும் பொருந்தணும், லாரி ஓட்டுநரின் பெரிய கைக்கும் பொருந்தணும். கணினி தப்புக் கணக்குப் போட்டாலும் மணிக்கட்டு அதன் எல்லையைத் தாண்டி முறுக்கப்படக் கூடாது. த்ரைவ் ரீஹாப் சொல்யூஷன்ஸ் என்ற நிறுவனம் புளூட்டோவை விற்பனைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. பூட்டில் சாவியைத் திருப்புவது, டம்ளரைப் பிடிப்பது, கதவைத் தட்டுவது, சுத்தியலால் ஆணி அடிப்பது. மேலே சொன்ன நான்கு அசைவுகளில் எதற்கு எது? சாவிக்கு முன்கை எலும்புகள் புரளணும், அதை நானே சொல்லிவிடுகிறேன். சுத்தியல்தான் ஏமாற்றும்; ஒரு பென்சிலைப் பிடித்து மெதுவாக அடித்துப் பாருங்கள்.