திரைக்கு உடையவன் யார்?

விலை கொடுத்து வாங்கிய வீட்டின் சுவருக்கு என்ன வர்ணம் பூசுவது என்பதை வீட்டுக்காரன் தீர்மானிப்பானா, அன்றிக் கட்டிக்கொடுத்த மேஸ்திரி தீர்மானிப்பானா? கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் 2009-ஆம் வருஷத்தில் மைக்ரோஸாப்ட் கம்பெனியார் இதற்கு மேஸ்திரியின் பக்கமாகவே விடையளித்தனர். மலிவான சிறு கம்ப்யூட்டர்களில் அமைத்து விற்கப்பட்ட ‘விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர்’ என்னும் பதிப்பில், திரையின் பின்னணிப் படத்தை மாற்றும் வசதி வைக்கப்படவில்லை. வாங்கியவன் அவர்கள் மாட்டிய படத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது. வேறு படம் வேண்டுமாயின் விலை கூடிய பதிப்புக்குப் பணம் கட்ட வேண்டியது.

யந்திரத்துக்கு அதற்கான சக்தியில்லை என்று எவரும் வாதிக்க முடியாது. 1984-ஆம் வருஷத்து ஆப்பிள் மாக்கின்டாஷ் 128 கிலோபைட் ஞாபகசக்தியே உடையது. கறுப்பும் வெளுப்பும் தவிர வேறு நிறம் அறியாதது. அதிலேயே, எட்டுக்கு எட்டான ஒரு சிறு கட்டத்தில் புள்ளிகளை வைத்தும் எடுத்தும், டெஸ்க்டாப்பின் கோலத்தை உடையவன் தன் இஷ்டம்போல் அமைத்துக்கொள்ளலாம். கால் நூற்றாண்டு கழித்து வந்த யந்திரம் அதை மறுத்ததென்றால், காரணம் வியாபாரமேயன்றி வித்தையின் குறைவன்று.

கம்ப்யூட்டரைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்களைப் பார்த்து நகைப்போர் உளர். இரவெல்லாம் கண்விழித்துச் சின்னங்களின் உருவை மாற்றுவதும், கடிகாரத்தை வலப்புறமிருந்து இடப்புறம் கொண்டுபோவதும், நல்ல எழுத்துரு ஒன்றைத் தேடி அலைவதும், மறுவாரமே அனைத்தையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதும் கண்டால் நகைக்கத்தான் தோன்றும். நாமும் நகைத்ததுண்டு. ஆனால் ஸ்டார்ட்டர் பதிப்பின் பூட்டைத் தாண்டச் சிறு புரோகிராம்களை எழுதி வெளியிட்டவர்கள் இவ்வினத்தாரே. லினக்ஸ் யந்திரங்களில் திரையின் முகத்தையே கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ள முடிகிறதே, அதுவும் இத்தகையோரின் உழைப்பினால் விளைந்தது. 1996-இல் மத்தியாஸ் எட்ரிச் என்னும் ஜெர்மானிய மாணவர் ‘கே.டி.ஈ.’ முயற்சியைத் தொடங்கினார். அடுத்த வருஷமே ‘க்னோம்’ பிறந்தது. தம் யந்திரத்தில் தமக்கே அதிகாரம் என்ற கொள்கையை இவர்கள் பிரசங்கம் செய்யவில்லை, செய்து காட்டினார்கள்.

இனி, இந்த அன்பர்கள் திரையில் மாட்டும் படங்களைக் கவனிப்போம். பெரும்பாலோர் நாடுவது ஆகாயத்தையே. 1995 ஜூன் 16 முதல் நாளொன்றுக்கு ஒரு வான்படம் விளக்கத்துடன் இன்டர்நெட்டில் வெளியாகி வருகிறது. காலையில் அதைத் தானே எடுத்து வந்து திரையில் மாட்டும் புரோகிராம்களும் உள. இப்படங்கள் தாராளமாகக் கிடைப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். அமெரிக்கக் காபிரைட் சட்டத்தின் 105-ஆவது பிரிவின்படி, அந்நாட்டுச் சர்க்கார் உத்தியோகஸ்தர் தம் கடமையில் ஆக்கிய நூலுக்கும் படத்துக்கும் அங்கே காபிரைட் கிடையாது. ஆதலின் நாஸாவின் படங்களிற் பெரும்பகுதியை எவரும் தடையின்றி எடுத்தாளலாம். வக்கீல் தொழிலில் நாம் கண்ட பிரிவுகளுள் இவ்வளவு சுருக்கமாக இவ்வளவு நன்மை செய்வன மிகச் சில.

இதன் பலனை வியாழக் கிரகத்தின் விஷயத்தில் காணலாம். 2011-இல் புறப்பட்டு 2016 ஜூலையில் அங்கு சேர்ந்த ஜூனோ விண்கலத்தில், பொதுஜனங்களின் பங்குக்கென்றே ஒரு காமிரா வைக்கப்பட்டது. கலமோ நிமிஷத்துக்குச் சுமார் இருமுறை தன்னைத்தானே சுற்றுவது. ஆகவே காமிரா எடுப்பது முழுப் படமன்று, சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி வடிகட்டிகள் வழியே வந்த துண்டுகள். அவற்றை அப்படியே பார்த்தால் வரிவரியாகக் கிழித்த காகிதம்போல் இருக்கும். சுழற்சியைக் கணக்கிட்டு, துண்டுகளைக் கோளத்தின் வளைவில் பொருத்தி, நிறங்களைச் சேர்த்தால்தான் மேகங்களும் சுழற்காற்றுகளும் தெரியவரும். நாஸா அத்துண்டுகளைப் பகிரங்கமாக வெளியிட்டது. ஜெர்மனியில் ஜெரால்ட் ஐக்ஸ்டேட் என்னும் கணிதர், இன்னும் பல நாடுகளில் பலர், தத்தம் வீட்டு யந்திரங்களில் இவ்வேலையைச் செய்தனர். சுவரில் மாட்டப் படம் தேடிப் போனவர்கள் விஞ்ஞானிகளுக்குத் துணைவராயினர். ஐக்ஸ்டேட்டின் பெயர் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் ஆசிரியர் வரிசையிலேயே இடம்பெற்றது.

ஒரு குறை மட்டும் சொல்ல வேண்டும். இப்படங்களின் நிறம் பலவும் கண்ணால் காணும் நிறமன்று. 1995-இல் ஹப்பிள் எடுத்த கழுகு நெபுலாவின் தூண்களில் கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்ஸிஜனுக்கு நீலமும் பொறுக்கி இடப்பட்டவை. ஆராய்ச்சிக்கு அது நியாயமே; அந்த விவரமும் வெளியிடப்பட்டிருக்கிறது. ஆனால் கைமாறிக் கைமாறித் திரைக்கு வரும்போது விவரம் உதிர்ந்து படம் மட்டும் எஞ்சுகிறது. வியாழனின் மேகங்களுக்கு வர்ணம் ஏற்றி வெளியிடும் அன்பர்கள், எவ்வளவு ஏற்றினோம் என்பதைப் படத்தின் மூலையிலேயே ஒரு வரியில் பொறித்துவிட்டால் நலமாயிருக்கும்.