மக்காச்சோளத்தின் குறை தீர்த்த விதை

மக்காச்சோளத்தில் புரதத்துக்குப் பஞ்சமில்லை. நூறு கிராமில் எட்டு முதல் பத்து கிராம் வரை உண்டு. குறை அதன் தரத்தில்தான். அந்தப் புரதத்தில் பெரும்பங்கு ஸீன் என்ற வகை. லைசின், டிரிப்டோபான் என்ற இரு அமினோ அமிலங்களும் ஸீனில் அநேகமாக இல்லை. மனித உடலோ பன்றி, கோழியின் உடலோ இவற்றைத் தானே தயாரித்துக்கொள்ளாது. உணவிலிருந்துதான் வந்தாக வேண்டும். வராவிட்டால் மற்ற அமினோ அமிலங்கள் இருந்தும் உடல் வளர்ச்சிக்கு முழுமையாக உதவாது. மக்காச்சோளத்தையே நம்பி வாழும் ஏழை வீடுகளில், வயிறாரச் சாப்பிட்ட குழந்தையும் மெலிந்துபோவது இதனால்தான்.

1964-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் எட்வின் மெர்ட்ஸும் ஆலிவர் நெல்சனும் ஒரு வழியைக் காட்டினார்கள். ஒபேக்-2 என்ற இயற்கையான மரபணு மாற்றம் கொண்ட மணிகளில் ஸீன் குறைந்து, லைசின் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. அதைத் தின்ற எலிக்குட்டிகள், சாதாரண மக்காச்சோளம் தின்றவற்றைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் எடை போட்டன.

ஆனால் வயலில் அது எடுபடவில்லை. மணி வெளிறி, மாவாக இருந்தது. விளைச்சல் குறைந்தது, ஈரம் எளிதில் காயவில்லை, கதிர் அழுகியது, குதிரில் கொட்டினால் வண்டு துளைத்தது.

அந்தக் குறையை நீக்கியவர்கள் மெக்சிகோவிலுள்ள சர்வதேச மக்காச்சோளம், கோதுமை மேம்பாட்டு மையத்தின் இருவர்: இந்தியாவிலிருந்து சென்ற பயிர்ப் பெருக்க வல்லுநர் சுரிந்தர் வசல், மெக்சிகோவின் உயிர்வேதியியலாளர் எவாஞ்சலினா வில்லேகாஸ். அடியில் விளக்கெரியும் மேசைமீது மணிகளைப் பரப்பிப் பார்ப்பார்கள். கெட்டியான பகுதி ஒளியை உள்ளே விடும். மாவுப் பகுதி இருண்டிருக்கும். ஒபேக்-2 மணிகளில் சிறிதாவது ஒளி ஊடுருவியவற்றைப் பொறுக்கி, விதைத்து, மறுபடியும் பொறுக்கினார்கள். மணியைக் கெட்டியாக்கும் துணை மரபணுக்கள் இப்படித் தலைமுறைதோறும் சேர்ந்தன. கெட்டிப்படும்போது புரதத்தின் தரம் போய்விடக் கூடாதல்லவா? அதை வில்லேகாஸின் ஆய்வகம் சோதித்து, தேறாதவற்றைக் கழித்தது. இப்படி உருவான உயர்தரப் புரத மக்காச்சோளத்துக்காக இருவருக்கும் 2000-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

கானாவில் 1992-ல் வெளியான ஒபடன்பா இவ்வகைதான். இந்தியாவில் அல்மோரா ஆராய்ச்சி நிலையம் விவேக் க்யூபிஎம்-9 வீரிய ஒட்டு ரகத்தைத் தந்தது. தீவனத்திலும் பலன் உண்டு. பன்றித் தீவனத்தில் முதலில் பற்றாக்குறையாவது லைசின்தான். இந்த மக்காச்சோளம் இருந்தால் சோயா பிண்ணாக்கோ தனி லைசினோ குறைவாகச் சேர்த்தால் போதும். கோழிக்கோ மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைத் தனியே கவனிக்க வேண்டும்.

ஒபேக்-2 ஒடுங்கு மரபணு; தாய், தந்தை இரு பக்கமிருந்தும் வந்தால்தான் அதன் பலன் தெரியும். பக்கத்து வயலின் சாதாரண மகரந்தம் விழுந்த மணியில் சத்து பழைய நிலைக்கே திரும்பிவிடும். கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கவும் முடியாது. எனவே ரகத்தை வெளியிட்டதோடு வேலை முடிவதில்லை. கலப்பில்லாத விதையும், சோதித்து வாங்கிக் கூடுதல் விலை தரும் சந்தையும் உழவருக்குக் கிடைத்தால்தான் இந்தப் புரதம் தட்டுக்கும் தீவனத் தொட்டிக்கும் வந்து சேரும்.