உங்களுக்குத் தெரியுமா? - தாடை மூட்டு ஸ்பெஷல்!

காது ஓட்டைக்கு ஒட்டி, முன்னால் விரலை வையுங்கள். வாயைத் திறந்து மூடுங்கள். உள்ளே ஏதோ உருள்கிறதா? அதுதான் தாடை மூட்டு! வலம் ஒன்று, இடம் ஒன்று. கீழ்த்தாடை எலும்போ ஒன்றே ஒன்று. ஒரு மூட்டு மட்டும் தனியாக வேலை செய்யவே முடியாது!

முதல் 2 சென்டிமீட்டர் வரை கதவுக் கீல் மாதிரி திரும்பும். அதற்கு மேல் வாயைத் திறந்தால், தாடை எலும்பின் முனை குழியை விட்டு முன்னால் வழுக்கும். கீலும் வழுக்கலும் ஒரே மூட்டில்!

உங்கள் கையின் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். நுழைகிறதா? கவலையே வேண்டாம். பெரியவர்களின் வாய் 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறக்கும்!

காதுக்குள் இருக்கும் சுத்தி எலும்பும் பட்டடை எலும்பும் ஒரு காலத்தில் தாடை மூட்டு! ஊர்வன இனத்துக்கு இன்றும் அந்த எலும்புகளில்தான் தாடை மூட்டு. பாலூட்டிகளுக்குப் புது மூட்டு முளைத்தது. பழையது காதுக்குக் குடிபோனது. ஜெர்மானியர் ரைகெர்ட் இந்த உறவைக் கண்டு சொன்ன ஆண்டு 1837!

காது வலி, காதில் இரைச்சல், காது அடைப்பு. ஆனால் காதில் கோளாறே இல்லை! இதற்குக் காரணம் என்று தாடை மூட்டைக் கைகாட்டியவர் பல் டாக்டர் அல்ல. ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை டாக்டர். ஆண்டு 1934!

மெல்லும்போது 'டக் டக்' சத்தமா? மூட்டின் நடுவில் இருக்கும் குட்டித் தட்டு இடம் மாறித் திரும்புகிறது. வலி இல்லை, வாயும் நன்றாகத் திறக்கிறது என்றால் பெரும்பாலும் வைத்தியமே வேண்டாம்!

வாயை மூடியிருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக்கூடாது! இப்போது உங்களுக்குத் தொடுகிறதா? பிரியுங்கள். சும்மா இருக்கும்போது நடுவில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்!

பெரிய கொட்டாவி. தாடை விலகி, வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. கட்டைவிரல்களை வாய்க்குள் விட்டுத் தாடையை அழுத்தித் தள்ளுவார் டாக்டர். எகிப்தின் பாப்பிரஸ் சுவடி ஒன்றிலேயே இந்த வைத்தியம் இருக்கிறது. சுவடியின் வயது சுமார் 3,600!

இன்னொரு வழி, நம்பவே மாட்டீர்கள். ஊசி கழற்றிய வெறும் சிரிஞ்ச்! கடைவாய்க்கு நடுவே வைத்து, மெல்லக் கடித்தபடி முன்னும் பின்னும் உருட்டச் சொல்கிறார்கள். டாக்டர் கையே வைப்பதில்லை! 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 31 பேரில் 30 பேருக்குத் தாடை இடத்தில் உட்கார்ந்தது. முக்கால்வாசிப் பேருக்கு ஒரே நிமிடத்துக்குள்! (வீட்டில் சிரிஞ்சைத் தேடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.)

நான்ஸ்டிக் தவாவில் பூசும் டெஃப்லானை மூட்டுக்குள் வைத்த கதை தெரியுமா? 1980களில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கானோருக்கு வைத்தார்கள். மெல்ல மெல்ல அது துகளாகி, பக்கத்து எலும்பையே அரித்தது! 1990 கடைசியில்தான் அரசின் எச்சரிக்கை வந்தது. அதற்குள் வைத்ததை எடுக்க மறுபடி அறுவை!

ஜப்பானின் ஓனிஷி 1975இல் இந்தப் பொடி மூட்டுக்குள்ளும் கேமராக் குழாயை நுழைத்துவிட்டார்! 1991இல் அதையும் சுருக்கினார்கள். இரண்டே ஊசி. ஒன்றில் திரவம் உள்ளே, மற்றதில் வெளியே. மூட்டைக் கழுவி விட்டால், பூட்டிக்கொண்ட வாய் திறக்கிறது!

நாள்பட்ட தாடை வலிக்கு 2023இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழின் நிபுணர் குழு முன்வரிசையில் வைத்தது எதை? தாடைப் பயிற்சி, தசையைக் கையால் பிடித்துவிடுவது, மனநல ஆலோசனை! மூட்டுத் தட்டை வெட்டி எடுப்பதற்கோ கறாராக 'வேண்டாம்'!

ஹாலிவுட் ஹீரோ பர்ட் ரெனால்ட்ஸ் மேல் பட வேண்டியது டம்மி நாற்காலி. பட்டதோ நிஜ இரும்பு நாற்காலி! 1984இல் வந்த 'சிட்டி ஹீட்' படப்பிடிப்பில் தாடை உடைந்தது. மென்று சாப்பிட முடியாமல் ஆள் இளைத்தார். ஊரோ எய்ட்ஸ் என்றே கிசுகிசுத்தது!

இதே மூட்டை வைத்து ஒருவர் கின்னஸ் ஏறினார். ஃப்ளோரிடாக்காரர் ரிச்சர்ட் ஹாஃப்மன், 1986. ஒரே கடி, சுமார் இரண்டு விநாடி. கருவி காட்டிய விசை 442 கிலோ!